அத்தியாயம் ஏழு: பதினோரு முறை வந்துபோனவன்

“அம்மா குரலுக்கு வயசாகுமாப்பா?”

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆறு வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. ஆகாது கண்ணு, அது அப்படியே இருக்கும் என்று அவர் பதில் சொன்னார். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த வாரம். எதையாவது உறுதியாகச் சொல்லியாக வேண்டியிருந்தது.

“அந்த வார்த்தையை நானே பொய்யாக்கிட்டேன் சார்” என்றார் அவர் இப்போது. துப்பறிவாளரின் மேசைக்கு எதிரே, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ரொட்டிக்கடைக்காரர். சட்டைக் கைமடிப்பில் மாவு ஒட்டியிருந்தது. “ஒன்பது நாள் ஆச்சு. என் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.”

துப்பறிவாளர் ஒரு காலத்தில் ஓடிப்போன ஆட்களைத் தேடிக் கொடுத்தவர். இப்போது ஓடாமல் நின்றுபோன வலைத்தளங்களைத் தேடிச் சரிசெய்கிறார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். காணாமல் போகிறவன் கடைசியாக யாரைப் பார்த்தான் என்று கேட்டால் போதும்.

“முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார்.

“என் சம்சாரம் கண் தெரியாதவங்களுக்காகக் கதை படிச்சுப் பதிவு பண்ணுவா. ‘காதுக்கு ஒரு கதை’ன்னு ஒரு தளம். மொத்தம் நூத்தி நாப்பத்தி நாலு கதை. அவ போனப்புறம் பொண்ணு தினம் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்பா. போன வாரம், உடனே அப்டேட் பண்ணலைன்னா தளம் நின்னுடும்னு கடிதாசி மேல கடிதாசி. பட்டன் இருந்துச்சு. அமுக்கிட்டேன். மறுநாள் கதை வரலை.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே. பட்டனை அமுக்கினா சக்கரம் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு.”

“சக்கரம் சுத்தறது நல்ல சகுனம்தான்” என்றாள் கிளி, கணினியிலிருந்து தலையை எடுக்காமல். “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். வேலை நடக்காது, ஆனா சுத்திக்கிட்டே இருப்பாரு.”

கிளி, துப்பறிவாளரின் உதவியாளர். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், ஓயாத வாய். அந்தப் பட்டப்பெயரை வைத்தது அவள் மாமியார். பழிக்கத்தான் வைத்தார். இவள் அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டாள்.

ரொட்டிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்தார். “இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும் சார். என் மச்சினன். அவ தம்பி. தளத்தை முன்னாடி அவன்தான் பார்த்துக்கிட்டான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேற இடத்துக்கு மாத்தறேன்னு சொல்லி, கடைசிக் கதையைத் தொலைச்சுட்டான். அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தபடி தனியா படிச்சது. யாரோ கண் தெரியாத ஒரு அம்மா, கொஞ்சம் மெதுவா படிக்க முடியுமான்னு எழுதிக் கேட்டாங்களாம். அதுக்காக, மூச்சு முட்ட முட்டப் படிச்சா. அதைத்தான் தொலைச்சான். என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். அந்த வன்மத்துல மிச்சத்தையும் அழிச்சுட்டான். நீங்க நிரூபிச்சுக் கொடுங்க, போதும்.”

துப்பறிவாளரின் தேநீர்க் குவளை பாதி தூரத்தில் நின்றது. கண்கள் ஒரு கணம் மேசையின் கீழ் இழுப்பறைக்குப் போய்த் திரும்பின. அவர் ஒருபோதும் திறக்காத இழுப்பறை அது. ‘அதுல என்ன சார், பிணமா?’ என்று கிளி மாதம் ஒருமுறை கேட்பாள்.

“நிரூபிக்கறது அப்புறம்” என்று குவளையைக் கீழே வைத்தார். “முதல்ல குரலைத் தேடுவோம். உங்க கடைக்குப் போகலாம்.”

*

ரொட்டிக்கடையின் பின்னறையில் அடுப்பின் சூடு சுவர் வழியாக வந்தது. மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய கணினி. அதன் பக்கத்தில் முக்காலி போட்டு, பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். ஒன்பது வயது. வந்தவர்களைப் பார்த்தாள், அப்பாவைப் பார்க்கவில்லை.

துப்பறிவாளர் தனக்கென்று ஒரு நுழைவுப்பெயர் வாங்கிக்கொண்டு தளத்துக்குள் போனார். கிளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“ஆறு ப்ளகின் இருக்கு சார். ஆறு பேரையும் சுவரோரமா நிக்க வச்சுட்டேன்.”

“ப்ளகின்னா?” என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

“தளம் ஒரு வீடுன்னு வச்சுக்குங்க” என்றாள் கிளி. “இவங்கள்லாம் வீட்டு வேலைக்கு வச்ச ஆளுங்க. இவன் தேதி காட்டறவன், பாவம், பூச்சி. இவன் எழுத்தைப் பெருசு பண்றவன். இவன் எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணிக்கிட்டே இருப்பான், வேற வேலை தெரியாது. இவன் தினமும் வீட்டையே ஒரு நகல் எடுத்து வைக்கறவன். இவன் வாட்ச்மேன்; குப்பைக் கடிதாசி எழுதறவனை உள்ளே விடமாட்டான், கொஞ்சம் மண்டைக்கனம். கடைசியா இவன்தான் கதையை ஒலிக்க வைக்கற பாட்டுக்காரன்.”

எந்த வைத்தியத்துக்கும் முதல் படி இதுதான். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட வேண்டும். யார் வந்ததும் வீட்டில் சண்டை வருகிறதோ அவன்தான் ஆள். கூப்பிட்டார்கள். சண்டையே வரவில்லை. ஆறு பேரும் சமர்த்தாக வந்து நின்றார்கள். பாட்டுக்காரனுடன் கூடவே வரும் மாதிரி ஒலி ஒன்றை அமுக்கினார் துப்பறிவாளர். மணி ஓசை கணீரென்று கேட்டது.

முக்காலியில் இருந்த பெண் நிமிர்ந்தாள். அது அம்மா இல்லை என்று தெரிந்ததும் மறுபடியும் குனிந்துகொண்டாள்.

“பாட்டுக்காரன் தொண்டை நல்லாத்தான் இருக்கு” என்றார் துப்பறிவாளர் மெதுவாக. “பாட்டுதான் இல்லை.”

கதைகள் இருக்க வேண்டிய பெட்டியைத் திறந்தார். காலி.

ரொட்டிக்கடைக்காரர் சுவரில் கைவைத்துக்கொண்டார். “அழிச்சுட்டான். பார்த்தீங்களா? அழிச்சுட்டான்.”

“யார் யார் உள்ளே வந்துபோனாங்கன்னு பதிவு இருக்கும் சார்” என்றாள் கிளி. எடுத்தாள். படித்தாள். “ரெண்டு வருஷத்துல உங்களைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் வந்திருக்காரு. பதினோரு தடவை. உங்க மச்சினர் பேர்.”

“நான்தான் சொன்னேனே!” ரொட்டிக்கடைக்காரரின் குரல் உடைந்தது. “கூடப் பிறந்த அக்காவோட குரலைத் திருட ஒருத்தன் பதினோரு தடவை வருவானா? இவனெல்லாம் மனுஷனா?”

துப்பறிவாளர் அந்தத் தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு தேதி இருந்தது. பாட்டுக்காரனுக்கு அப்டேட் வந்த நேரம். சின்ன அப்டேட்கள் அதிகாலையில் தானாக வரும்; போன வாரத்துப் பெரிய அப்டேட்டுக்கு மட்டும்தான் பட்டன் அமுக்க வேண்டியிருந்தது. அதே நாள் பத்து மணிக்குள் மச்சினன் வருவான். நாலு நிமிடம். போய்விடுவான்.

“ஒரு திருடன்” என்றார், “வீட்டுக்காரன் பூட்டு மாத்தின நாளாப் பார்த்து, அன்னைக்கு மட்டும், பகல்ல, சொந்தப் பேர் சொல்லிக்கிட்டு வருவானா?”

அவர் முக்காலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

“பாப்பா, உன்கிட்ட ஒண்ணு கேட்கலாமா? இதுக்கு முன்னாடி எப்பவாவது காலையில கதை வராம இருந்திருக்கா?”

அவள் வெகுநேரம் தன் காலணி நாடாவையே பார்த்தாள். பிறகு அவரிடம் மட்டும் சொன்னாள். “சில நாள் வராது. ஸ்கூல் விட்டு வந்தா வரும்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“இல்லை. அம்மா தூங்கறாங்கன்னு நினைச்சுப்பேன். அவங்களுக்கு அசதி ஜாஸ்தி இல்ல?”

அடுப்பறையிலிருந்து தட்டு ஒன்று விழும் சத்தம் கேட்டது. ரொட்டிக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இந்தத் தடவைதான் அவங்க எழுந்துக்கவே இல்லை” என்றாள் பெண்.

*

துப்பறிவாளர் எழுந்து கணினிக்கு வந்தார். “கிளி, அந்த நகல் எடுக்கறவனைக் கூப்பிடு. பத்து நாளைக்கு முந்தின பாட்டுக்காரனையும் இன்னைக்கு இருக்கற பாட்டுக்காரனையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்து.”

“ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கற மாதிரியா சார்?”

“ஒண்ணு போதும்.”

ஒன்றுதான் இருந்தது. அப்டேட்டோடு வந்த மாற்றங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பழைய பாட்டுக்காரனுக்குள் ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்தது. கம்பெனிக்காரன் எழுதியது அல்ல, யாரோ கையால் செருகியது. ‘கதை இந்தப் பெட்டியில் இல்லையென்றால், அந்த இடத்துக்குப் போய் எடுத்து வா’ என்றது அந்த வரி. அப்டேட் வந்தால் பாட்டுக்காரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவான். பழைய சட்டைப்பையில் வைத்த சீட்டு சட்டையோடு போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் இப்படிச் செருகமாட்டார்கள். அவசரத்தில் இருப்பவர்களும் அழுதுகொண்டிருப்பவர்களும்தான் செருகுவார்கள்.

வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. கணினி படிக்காத, ஆட்கள் தங்களுக்காக எழுதி வைக்கிற குறிப்பு.

‘அக்கா, மன்னிச்சிடு.’

கிளி அதை உரக்கப் படித்தாள். படித்த பிறகு வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

“அன்னைக்குத் தளத்தை மாத்தும்போது கடைசிக் கதை மட்டுமா தொலைஞ்சுது?” என்றார் துப்பறிவாளர். “எல்லாமே தொலைஞ்சுபோச்சு. நூத்தி நாப்பத்தி நாலும்.”

ரொட்டிக்கடைக்காரர் வெறித்துப் பார்த்தார். “இல்லையே. நாங்க ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்?”

“உங்க மனைவி பதிவு பண்ணும்போது மைக் பிடிச்சது யாரு?”

“அவன்தான்.”

“அப்போ அவர்கிட்ட நகல் இருந்திருக்கு. கூட இருந்து பிடிச்ச நூத்தி நாப்பத்தி மூணுக்கும். கட்டில்ல தனியா படிச்ச ஒண்ணுக்கு மட்டும் இல்லை. புது இடம் குறுகல், இவ்வளவும் கொள்ளாது. அதனால தன்கிட்டயே வச்சுக்கிட்டு, இங்கேர்ந்து ஒரு வழி போட்டிருக்காரு. ஒவ்வொரு அப்டேட்டும் அந்த வழியை அடைச்சுது. ஒவ்வொரு தடவையும் வந்து திறந்துவிட்டுப் போயிருக்காரு. நீங்க கேட்டது அவர் வீட்டுலேர்ந்து வந்த குரல்.”

“ஏன் சொல்லலை? என்கிட்ட ஏன் சொல்லலை?”

“ஒண்ணைத் தொலைச்சதுக்கே வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னீங்க” என்றாள் கிளி, தணிந்த குரலில். “எல்லாத்தையும் தொலைச்சேன்னு எந்த வாயால சொல்வாரு?”

ரொட்டிக்கடைக்காரர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார். அந்த முகத்தில் புதிதாக ஒரு பயம். “அப்போ இந்தத் தடவை ஏன் வரலை? பதினோரு தடவை வந்தவன்... அவனுக்கு ஏதாவது...?”

துப்பறிவாளர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். பதில் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சொல்லத்தான் மனம் வரவில்லை. பயனர் பட்டியலைத் திறந்தார். கடைக்காரர் பெயர், இறந்துபோன மனைவியின் பெயர், இன்று சேர்த்த தன் பெயர். அவ்வளவுதான்.

“அப்டேட் பண்ணின அன்னைக்கு வேற ஏதாவது அமுக்கினீங்களா?”

“சாவி யார் யார்கிட்ட இருக்குன்னு ஒரு பட்டியல் காட்டுச்சு” என்றார் ரொட்டிக்கடைக்காரர். “அவ பேர் இருந்துச்சு. அதைத் தொட மனசு வரலை. கீழே அவன் பேர் இருந்துச்சு.” தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். “நீக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன். அமுக்கும்போது... சந்தோஷமா இருந்துச்சு சார்.”

“போன்ல கூப்பிட்டிருக்கலாமே அவரு?” என்றார் துப்பறிவாளர்.

“வாசப்படி மிதிக்காதேன்னு சொன்ன அன்னைக்கே அவன் நம்பரை ப்ளாக் பண்ணிட்டேன்.”

“வாசப்படியும் கூடாது, போனும் கூடாது, சாவியும் இல்லை” என்று கிளி விரல் மடக்கினாள். சட்டென்று நிறுத்தினாள். “சார்! வீட்டுக்குள்ள வர முடியாதவன் என்ன பண்ணுவான்? வாசல்ல நின்னு கூப்பிடுவான். தளத்துல ‘எங்களுக்கு எழுதுங்கள்’னு ஒரு பக்கம் இருக்கே!”

“அதுல ஒண்ணும் வரலையே. நான் பார்த்தேன்” என்றார் கடைக்காரர்.

“வாசல்ல ஒரு மண்டைக்கனம் பிடிச்ச வாட்ச்மேன் இருக்கான், மறந்துட்டீங்களா?”

குப்பைக் கூடையைத் திறந்தாள். பரிசு விழுந்ததாக நூறு கடிதம், முடி வளர நாற்பது கடிதம். அவற்றின் நடுவே ஒரே பெயரில் ஒன்பது. நாளைக்கு ஒன்று. ஒரே ஆள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வாட்ச்மேனுக்கு அது குப்பை. மனிதர்களும் பல நேரம் அப்படித்தான் இருக்கிறோம்.

ரொட்டிக்கடைக்காரர் தானே படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

‘அத்தான், காலையில கதை வரலை. என்னால உள்ளே போக முடியலை. கதவைத் திறந்துவிடுங்க. ஒரே ஒரு வரி போடணும். போட்டுட்டுப் போயிடறேன். பாப்பா ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள.’

ஒன்பதிலும் அதே வாசகம்தான். கடைசிக் கடிதத்தில் மட்டும் ஒரு வரி கூடுதல். ‘நான் வந்தது பிடிக்கலைன்னா, அப்புறம் என்னை மறுபடியும் நீக்கிடுங்க.’

அவர் போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்குக் குரல் மட்டும் கேட்டது. “நான்தான்... அத்தான்...” அந்தப் பக்கம் பேசியவனும் நலம் விசாரிக்கவில்லை. ஒன்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் சொன்ன பதில், “இல்லைடா, பாப்பா இன்னும் கதை கேட்கலை. நீ வா. நீயே வந்து போடு” என்பதாக இருந்தது.

முக்காலியில் இருந்த பெண் எழுந்தாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக அப்பா இருக்கும் பக்கம் நடந்தாள். “அப்பா, மாமாவா?” என்று கேட்டபடி கதவைத் தள்ளினாள்.

துப்பறிவாளர் வரியைப் போடவில்லை. அதற்கு உரியவன் வந்துகொண்டிருந்தான். பாட்டுக்காரனின் சட்டைக்குள் வைக்காமல் தனியாக வைக்க ஒரு சின்னப் பெட்டி மட்டும் செய்து கொடுத்தார்; இனி எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. ‘அக்கா, மன்னிச்சிடு’ என்ற குறிப்பை அதன் தலையில் அப்படியே எடுத்து வைத்தார். மச்சினன் பெயரைப் பட்டியலில் கடைக்காரரே திரும்பச் சேர்த்தார். இரண்டு தடவை தவறாக அடித்தார்.

“கேஸ் முடிஞ்சுது” என்றாள் கிளி, வெளியே வந்ததும். மூக்கைச் சிந்திக்கொண்டாள். “மாவுத்தூசு சார். ஒத்துக்காது எனக்கு.”

“ஒண்ணு பாக்கி இருக்கு” என்றார் அவர்.

“என்ன?”

“நீ வீட்டுக்குப் போ. உன் வீட்டுக்காரர் சுத்திக்கிட்டு இருப்பாரு.”

*

அலுவலகத்தில் சாயங்கால வெயில் மேசைமேல் சரிந்திருந்தது. துப்பறிவாளர் கதவைச் சாத்திவிட்டுக் கீழ் இழுப்பறையைத் திறந்தார். இறுகிப்போயிருந்தது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

உள்ளே, உள்ளங்கையளவு பாட்டுப்பெட்டி ஒன்று. பட்டன்களின் மேல் சின்னச் சின்னத் துணித்துண்டுகள் ஒட்டியிருந்தன. கண் போன பிறகு அவருடைய அம்மா விரலால் தடவி அறிந்துகொள்ள அவரே ஒட்டியவை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய கதையை அழித்துவிட்டு, ‘காதுக்கு ஒரு கதை’ தளத்திலிருந்து புதுக்கதையை ஏற்றிக் கொடுப்பார். ‘அந்தப் பொண்ணு நல்லாத்தான் படிக்குது, கொஞ்சம் வேகம்டா’ என்று அம்மா சொன்னாள். அவர் எழுதினார். ‘கொஞ்சம் மெதுவாகப் படிக்க முடியுமா?’ ஒரே வரி. வேலை அவசரத்தில் எழுதியது. மறுவாரமே கதை வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது: ‘அம்மாவுக்குப் பிடித்திருந்ததா?’

அந்தப் பெண்ணுக்கு அவர் பதில் எழுதவில்லை. அடுத்த மாதம் அம்மா போய்விட்டாள். பெட்டி இழுப்பறைக்குள் போனது. பிறகு எழுதலாம் என்று விட்டார். எழுதினால் படிக்க அந்தப் பெண்ணும் அப்போது இல்லை என்பது இன்று காலைதான் தெரியும்.

மின்சாரம் ஏற அரை மணி நேரம் பிடித்தது. அம்மாவின் துணித்துண்டை விரலால் தடவி அமுக்கினார்.

‘ஒரு அம்மா கொஞ்சம் மெதுவா படிக்கச் சொல்லியிருக்காங்க. அவங்களுக்காக இந்தக் கதை’ என்றது குரல்.

அவர் இதுவரை இதைக் கேட்டதில்லை. ஏற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு நிறுத்தம் இருந்தது. மூச்சுக்காகக் காத்திருக்கும் நிறுத்தம். ‘இப்பத்தான்டா சரியா படிக்கிறா’ என்று அம்மா சந்தோஷப்பட்டாளே, அது இதைக் கேட்டுத்தான். கதை முடியும்வரை அவர் அசையவில்லை.

பிறகு தளத்தைத் திறந்தார். பட்டியலின் கடைசியில், இரண்டு வருடமாகக் காலியாக இருந்த இடத்தில் கதையை ஏற்றினார். ‘ஏற்றியவர்’ என்ற இடத்தில் தளம் தானாகவே அவர் பெயரைப் போட்டது. அதைத் தட்டினார். நாலு பெயர்கள் விரிந்தன. யாருக்கும் நீக்க மனம் வராத அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். தேதியையும் அவள் ஏற்றிய அன்றைய தேதிக்கே மாற்றினார். எங்கும் போகாமல் அங்கேயே இருந்ததுபோல் ஆயிற்று.

சேமித்தார். ஒரு பெண் நாளைக் காலை பள்ளிக்குப் போவதற்கு முன் அதை அமுக்குவாள்.

திரையை அணைப்பதற்கு முன், பழைய கடிதப் பெட்டியில் அந்தக் கேள்வியைத் தேடி எடுத்தார். பதில் எழுதும் இடத்தைத் திறந்து, ‘அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது’ என்று அடித்தார். யாரும் திறக்காத அந்த முகவரிக்கு அனுப்பினார்.